வட இந்தியப் பயணம்: ரயிலா, விமானமா, வாடகைக் காரா, டூர் குழுவா?

பள்ளி லீவு நெருங்கினால் ஒரே கேள்விதான் வேறு வேறு குரலில் வருகிறது. "நாலு பேர், பத்து நாள். டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் பார்க்கணும். ரயிலா, ஃப்ளைட்டா?" "அப்பா அம்மா காசிக்குப் போகணும்கிறாங்க. டூர்காரரிடம் விடலாமா, நானே கூட்டிப் போகட்டுமா?" "லடாக்குக்குக் கார் எடுத்தால் கட்டுமா?"

கேட்பவர்கள் பெரும்பாலும் டிக்கெட் விலையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 4,200 கிலோமீட்டர் ஓடுகிறது. மூன்று இரவுக்கு மேல் அதிலேயே இருக்க வேண்டும். இவ்வளவு நீளமான நாட்டில் பயணம் என்பது ஒரே முடிவு இல்லை. வடக்கே போய்ச் சேருவது ஒரு முடிவு, அங்கே ஊர் விட்டு ஊர் மாறுவது இன்னொரு முடிவு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துக்கொள்வதால்தான் குழப்பம்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் பகல். பத்து நாள் லீவில், ஊரில் கால் வைத்துச் சுற்ற எத்தனை பகல் கிடைக்கும் என்று எண்ணுங்கள். இதுதான் என் முதல் அளவுகோல். டிக்கெட் விலைகூட இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, கூட வருபவர்களில் யாருக்கு உடம்பு முடியாதோ அவர். மேல் பெர்த்தில் ஏற முடியாத அம்மா, மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளை, மூட்டுவலிக்காரர். இவரை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும். மற்றவர்கள் எப்படியும் சமாளித்துவிடுவார்கள்.

மூன்றாவது, மாதம். டிசம்பர் பின்பாதியிலும் ஜனவரியிலும் கங்கைச் சமவெளி முழுக்க மூடுபனி. ஏப்ரல் முதல் ஜூன் வரை ராஜஸ்தானில் 40 டிகிரிக்கு மேல் வெயில். ஜூலை, ஆகஸ்டில் இமயமலைப் பாதைகளில் மண்சரிவு. வண்டியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே மாதம் பாதி முடிவைச் சொல்லிவிடும்.

அப்புறம், டிக்கெட்டில் எழுதாத செலவு. கடைசியாக, ஏதாவது ஒன்று குலைந்தால் மிச்சத் திட்டம் தப்புமா என்பது.

## ரயில்

சென்னையிலிருந்து டெல்லி கிட்டத்தட்ட 2,200 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாளுக்குச் சற்றுக் குறைவு: இரவு ஏறினால் நடுவே ஒரு முழுப் பகலும் இன்னொரு இரவும் கழித்து, மூன்றாம் நாள் காலை இறங்கலாம். ராஜதானி இன்னும் சில மணி நேரம் குறைவு; ஆனால் தினமும் கிடையாது, இடம் விற்க விற்கக் கட்டணமும் ஏறும். ஆக, போக ஒரு பகல், வர ஒரு பகல் போகிறது. பத்து நாளில் இரண்டு என்றால் பெரிய குறை இல்லை. ஐந்து நாள் லீவில் இரண்டு என்றால் அது பயணமே இல்லை.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள் இருந்தது. பழைய கணக்கில் இருப்பவர்கள் நாலு மாதம் முன்பே ஆப்பைத் திறந்து பார்த்துவிட்டு, ரயிலே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். தட்கல் பயண நாளுக்கு முந்தைய நாள் காலை திறக்கும்: ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஒரு டிக்கெட்டில் நாலு பேர்தான். குடும்பப் பயணத்தைத் தட்கலை நம்பிப் போடாதீர்கள்.

வெயிட்டிங் லிஸ்டில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டில் எல்லோருமே வெயிட்டிங்கில் இருந்தால், சார்ட் போட்டதும் தானாக ரத்தாகிப் பணம் கணக்குக்கு வந்துவிடும். நாலு பேரில் ஒருவருக்கு மட்டும் இடம் கிடைத்துவிட்டால் டிக்கெட் ரத்தாகாது. அப்போது ஒரு பெர்த்தை வைத்துக்கொண்டு நாலு பேர் என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில். ஆர்.ஏ.சி. என்றால் சைடு லோயர் பெர்த்தில் முன்பின் தெரியாத ஒருவருடன் எதிரெதிரே காலை மடக்கிக்கொண்டு இரவெல்லாம் உட்கார வேண்டி வரலாம். காலை நீட்டினால் அவர் மடியில், அவர் நீட்டினால் உங்கள் மடியில். இளைஞர்களுக்குக் கதை சொல்ல ஆகும். அறுபது தாண்டியவர்களுக்கு ஆகாது.

பெரியவர்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. லோயர் பெர்த் ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது: 60 வயதான ஆண்கள், 45 வயதான பெண்களுக்கு. ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அந்த ஒதுக்கீடு கிடைக்கும். ஆறு பேர் குடும்பத்தை ஒரே டிக்கெட்டில் போட்டுவிட்டு, அப்பாவுக்கு மேல் பெர்த் வந்துவிட்டது என்று புலம்புவதைவிட, அப்பா அம்மா இருவருக்கு மட்டும் தனி டிக்கெட் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

ரயிலின் மறைமுகச் செலவு பணத்தில் குறைவு, தாமதத்தில் அதிகம். மூடுபனிக் காலத்தில் வடக்கே ரயில்கள் பல மணி நேரம் தாமதமாவது சகஜம். அந்த மாதங்களில், காலையில் டெல்லியில் இறங்கி மதியம் இன்னொரு ரயில் ஏறுவதாகத் திட்டம் போடாதீர்கள். டெல்லியில் ஸ்டேஷனும் ஒன்றல்ல: புது டெல்லி, பழைய டெல்லி, ஹஸ்ரத் நிஜாமுதீன், ஆனந்த் விஹார். காசியும் அப்படித்தான். வாரணாசி ஜங்ஷன் வேறு, பனாரஸ் வேறு. முகல்சராய் என்று நாம் அறிந்த தீன் தயாள் உபாத்யாயா ஜங்ஷன் கங்கைக்கு அக்கரையில் இருக்கிறது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்து லாட்ஜ் போடுங்கள்.

ரயிலில் ஒரு லாபம் பலருக்குத் தோன்றுவதில்லை. சென்னையிலிருந்து கிளம்பும் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஆக்ரா கண்டோன்மென்டில் நின்றுதான் டெல்லி போகிறது. ஆக்ராவிலேயே இறங்கிவிட்டால், டெல்லி போய்த் திரும்பி 200 கிலோமீட்டர் தெற்கே வரும் வேலை மிச்சம். வெள்ளிக்கிழமை மட்டும் இறங்க வேண்டாம், அன்று தாஜ் மகாலுக்கு விடுமுறை.

வடக்கே ஊர் மாறுவதற்கு ரயில் இன்னும் நல்லது. டெல்லியிலிருந்து ஆக்ராவுக்கு கதிமான் எக்ஸ்பிரஸ் 100 நிமிடத்தில் போகிறது. டெல்லி–வாரணாசி வந்தே பாரத் ஏறக்குறைய எட்டு மணி நேரம். ஸ்ரீநகருக்கும் 2025 ஜூனில் ஜம்மு பக்கத்துக் கட்ராவிலிருந்து வந்தே பாரத் தொடங்கியது, செனாப் பாலத்தைத் தாண்டி. டெல்லியிலிருந்து போனால் நடுவே ரயில் மாற வேண்டும்.

## விமானம்

சென்னை–டெல்லி மூன்று மணி நேரத்துக்குள். ஆனால் வீட்டு வாசலிலிருந்து லாட்ஜ் வாசல் வரை கணக்குப் போட்டால் ஏழு, எட்டு மணி ஆகிவிடும். தென்காசியிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ கிளம்பினால் இதோடு ஒரு இரவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

செலவில் பார்க்க வேண்டியது எடை. உள்நாட்டு விமானங்களில் பெட்டிக்கு 15 கிலோ, கையில் 7 கிலோ என்பதுதான் வழக்கமான அளவு. குளிர்கால உடுப்பு நாலு பேருக்கு எடுத்தால் போகும்போதே பெட்டி நிறைந்துவிடும்; திரும்பும்போது ஜெய்ப்பூர் ரஜாய் (பஞ்சு மெத்தைப் போர்வை), காசிச் சொம்பு, பட்டுப்புடவை எல்லாம் எங்கே? கூடுதல் கிலோவுக்கு ஏர்போர்ட்டில் கேட்கும் தொகை, முன்கூட்டியே இணையத்தில் கட்டுவதைவிட நிறைய அதிகம். ரயிலில் மூன்றடுக்கு ஏசிக்கு 40 கிலோ, இரண்டடுக்குக்கு 50 கிலோ இலவசம்.

அதிகாலை விமானம் மலிவு என்று எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிப்பதில்லை. ஒன்பது மணிக்கு டெல்லியில் இறங்கினால் ரூம் மதியம் 12 மணிக்கோ 2 மணிக்கோதான். பெட்டியை ரிசப்ஷனில் வைத்துவிட்டு, தூக்கமில்லாத பிள்ளைகளோடு சுற்றுவீர்கள், அல்லது முந்தைய இரவுக்கும் சேர்த்து வாடகை கட்டுவீர்கள். ஜனவரியில் அதிகாலை விமானங்களைத்தான் பனி முதலில் பிடிக்கும். பத்து மணிக்கு மேல் இறங்கும் விமானம் கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை என்பேன்.

விமானத்தின் உண்மையான பலம் வேகமல்ல, ஒரு ஊரில் இறங்கி வேறு ஊரில் ஏறலாம் என்பது. உள்நாட்டில் போகவர எடுத்தால்தான் மலிவு என்பது பெரும்பாலும் கிடையாது. டெல்லியில் இறங்கி, ஆக்ரா, லக்னோ வழியாகக் கிழக்கே நகர்ந்து, வாரணாசியில் ஏறிவிடலாம். வந்த வழியே திரும்பும் ஒரு பகல் மிச்சம். ஒரே சுவட்டில் போய்வரும் திட்டத்தில், விமானத்துக்குக் கொடுத்த காசில் பாதி வீண்.

விமானம் கெடுதல் செய்யும் இடமும் ஒன்று உண்டு: லடாக்கில் இருக்கும் லே. கடல் மட்டத்திலிருந்து கிளம்பி அன்றே 3,500 மீட்டரில் இறங்கினால், உடம்பு பழக இரண்டு நாள் சும்மா படுத்துக்கிடக்க வேண்டும். தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு எல்லாம் இதில் வரும். விமானத்தில் மிச்சமான நாளை அங்கே திருப்பிக் கொடுக்கிறீர்கள். ஸ்ரீநகர், கார்கில் வழியே சாலையில் ஏறுவது மெதுவாக உயரம் கூடும் பாதை. மணாலி வழி அப்படியல்ல, 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய் உண்டு. இரண்டு சாலைகளையும் நம்பலாம் என்பது கோடையில்தான். குளிர்காலத்தில் லேவுக்கு நம்பிப் போக விமானம்தான் வழி.

## டிரைவரோடு வாடகைக் கார்

நாலு பேருக்குச் செலவைப் பங்கிட்டால் ஏசி ரயிலுக்குப் பக்கத்தில் வந்துவிடும் என்று சொல்வார்கள். வரும், சரியாகப் பேசினால்.

சமவெளியில் வழக்கமான பேச்சு ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர். நீங்கள் ஜெய்ப்பூரிலேயே தங்கி ஆமேர் கோட்டை, ஜந்தர் மந்தர் என்று 40 கிலோமீட்டர் சுற்றினாலும் கட்டணம் 250-க்குத்தான். அதோடு டிரைவர் பேட்டா, இரவுப் படி, டோல், பார்க்கிங், மாநில எல்லை வரி. கிலோமீட்டர் எண்ணிக்கை வண்டி ஷெட்டிலிருந்து கிளம்பியதில் தொடங்கி ஷெட்டுக்குத் திரும்புவது வரை. ஆகவே, ஊர் மாறும் நாளுக்குக் கார், ஊருக்குள் நிற்கும் நாளுக்கு ஆட்டோ என்று பிரித்துக்கொள்ளுங்கள். "பத்து நாளும் வண்டி கூடவே இருக்கட்டும்" என்பது சுகம்தான், ஆனால் நின்ற வண்டிக்குக் காசு கொடுக்கும் சுகம்.

இன்னொன்று, டிக்கியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். டெல்லிப் பக்கத்து டாக்ஸிகள் பல சி.என்.ஜி.யில் ஓடுகின்றன. பின்னால் பெரிய சிலிண்டர் குறுக்கே படுத்திருக்கும். மிச்சமிருக்கும் சந்தில் ஒரு பெட்டியும் இரண்டு பையும் போகும். மூன்று பெட்டியோடு நாலு பேர் செடான் எடுத்தால், ஒரு பெட்டி ஒருவர் மடியில்தான். மேலே கேரியர் உள்ள வண்டியா, அல்லது டீசல் வண்டியா என்று பேசும்போதே கேட்டுவிட வேண்டும்.

காருக்கு ரயிலால் ஈடுகொடுக்க முடியாத பகுதி ராஜஸ்தான். பார்க்க வேண்டியவை ஊர்களுக்கு நடுவே கிடக்கின்றன. ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர் போகும் வழியில் ஃபதேபூர் சிக்ரியும் ஆபானேரி படிக்கிணறும். ஜோத்பூரிலிருந்து உதய்ப்பூர் போகும் வழியில் ராணக்பூர் சமணக் கோயில். ரயிலில் போனால் இவை எல்லாவற்றுக்கும் தனித்தனியாக வண்டி பிடிக்க வேண்டும். இங்கே 250 கிலோமீட்டர் கணக்கும் சரியாக அடங்கிவிடும்.

சரி, தொல்லைகள். டிரைவர் "சும்மா பார்த்துட்டு வாங்க" என்று கூட்டிப் போகும் சலவைக்கல் கடையும் கம்பளக் கடையும் உங்கள் பகலைத் தின்னும். வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது, கோபப்படத் தேவையில்லை. மூடுபனியில், ஆக்ரா போகும் யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் அதிகாலைப் பயணம் வேண்டவே வேண்டாம். நேரம் மிச்சம் பிடிக்க ராத்திரி முழுக்க ஓட்டச் சொல்வதும் அப்படியே. தூங்காத டிரைவரை நம்பி மலையேறுவதைவிட ஒரு இடத்தை விட்டுவிடலாம்.

மலை மாநிலங்களில் இன்னொரு கணக்கு. ஸ்ரீநகரிலிருந்தோ மணாலியிலிருந்தோ வரும் டாக்ஸி உங்களை லேயில் இறக்கிவிடலாம். அங்கிருந்து பாங்காங் ஏரி, நுப்ரா பள்ளத்தாக்கு போக லே டாக்ஸி யூனியன் வண்டிதான் எடுக்க வேண்டும். முழுப் பயணத்துக்கும் டெல்லியிலேயே ஒரு வண்டி பேசினால் இரண்டு பேருக்குக் கூலி கொடுப்பீர்கள்.

## டூர் குழு

இதில் மூன்று வகை. தமிழ்நாட்டிலிருந்து சமையல்காரரோடு கிளம்பும் யாத்திரைக் குழு, ஐ.ஆர்.சி.டி.சி. நடத்தும் பாரத் கௌரவ் சுற்றுலா ரயில். ட்ராவல் ஏஜென்ட் உங்களுக்கென்று போட்டுத் தரும் பேக்கேஜ். மூன்றாவது பெரும்பாலும் மேலே சொன்ன காரும் ஹோட்டலும்தான், நடுவில் ஒருவர் லாபத்தோடு. நீங்களே போன் பண்ணிப் பேச முடிந்தால் அது தேவையில்லை.

முதல் வகையைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. காசி வரை போய் இட்லி சாம்பாரா என்பார்கள். இந்தி தெரியாத எழுபது வயதுக்காரர்களுக்கு, கயாவில் பிண்டம் போட ஆள் பேசி, நேரத்துக்குச் சாப்பாடு போட்டு, மாத்திரை சாப்பிட்டாயிற்றா என்று கேட்க ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களைத் தனியே அனுப்பினால் தெரியும். காசி–கயா–பிரயாக்ராஜ் பித்ரு காரியத்துக்குப் போகும் பெரியவர்களுக்குத் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பத்ரி–கேதாருக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான், பதிவு, ஜீப், தங்குமிடம் எல்லாம் ஒருவர் பார்த்துக்கொள்வார். ஆனால் கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத்துக்கு 16 கிலோமீட்டர் ஏற்றத்தை எந்தக் குழுவும் நடந்து தராது. குதிரை, டோலி, ஹெலிகாப்டர் செலவு பேக்கேஜில் சேர்த்தியா என்று கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: நுழைவுக் கட்டணம் யாருடையது (தாஜ் மகாலில் இந்தியர்களுக்கு 50 ரூபாய், சமாதி மண்டபத்துக்குள் போக மேலும் 200), ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியாக வருபவருக்குக் கூடுதல் ரூம் கட்டணம் உண்டா, ஹோட்டல் ஊருக்குள்ளேயா, பைபாஸிலா. சுற்றுலா ரயிலின் மலிவு வகுப்பில் சில இடங்களில் இரவு தங்க ரூம் இருக்காது. குளித்து உடை மாற்ற மட்டும் பலருக்குச் சேர்த்து அறை தருவார்கள்.

சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கும், ஒரு கோட்டைக்குள் நின்று நிதானமாகப் பார்க்க விரும்புபவருக்கும் குழு ஒத்துவராது. நாற்பது பேர் பஸ்ஸில் ஏறி முடிக்கவே அரை மணி நேரம்.

குழு வேண்டாம், காசி மட்டும் போதும் என்பவர்களுக்கு ஒரு வழி: நகரத்தார் சத்திரமும் அனுமான் காட், கேதார் காட் பக்கத்துத் தமிழ்ச் சூழலும் இருக்கின்றன. தமிழிலேயே நாலு நாள் ஓட்டிவிடலாம்.

## ஒரே பார்வையில்

| | ரயில் | விமானம் | வாடகைக் கார் | டூர் குழு |
|---|---|---|---|---|
| வடக்கே போய்ச்சேர | 10 நாளாவது லீவு இருந்தால் | ஒரு வார லீவுக்கு | வேண்டாம் | முதியவர்களுக்கு |
| ஊர் மாற | கங்கைச் சமவெளி, பஞ்சாப் | ஸ்ரீநகர், வடகிழக்கு | ராஜஸ்தான், மலைகள் | யாத்திரைத் தலங்கள் |
| மறைந்திருக்கும் செலவு | தாமதம், போகும் பகல் | எடை, ஏர்போர்ட் டாக்ஸி | 250 கி.மீ. கணக்கு, பேட்டா | நுழைவுக் கட்டணம், தனி ரூம் |
| பனிக்காலத்தில் | மோசம் | காலையில் மோசம் | இரவிலும் விடியலிலும் ஆபத்து | எந்த வண்டியோ அப்படி |
| திட்டம் குலைந்தால் | மறு டிக்கெட் கடினம் | கிடைக்கும், விலை ஏறும் | எளிது | அவர்கள் பொறுப்பு |

## இந்தப் பயணத்துக்கு இது

டெல்லி–ஆக்ரா–ஜெய்ப்பூர், நாலு பேர், ஒரு வாரம்: விமானத்தில் டெல்லி, ரயிலில் ஆக்ரா, காரில் ஜெய்ப்பூர், ஜெய்ப்பூரிலிருந்தே விமானத்தில் ஊர். கார் அந்த ஒரு நாளுக்கு மட்டும்.

பதினைந்து நாள், கல்லூரி நண்பர்கள், கையில் காசு குறைவு: முழுக்க ரயில். 60-ஆவது நாள் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து டிக்கெட் எடுங்கள். இரவு ரயில் ஒவ்வொன்றும் ஒரு லாட்ஜ் வாடகை மிச்சம்.

டார்ஜீலிங், சிக்கிம்: பாக்டோக்ராவுக்கு விமானம், அல்லது நியூ ஜல்பாய்குரிக்கு ரயில். அங்கிருந்து ஜீப். ஆள் கணக்கில் காசு வாங்கும் ஷேர் ஜீப்பும் உண்டு. முன் சீட்டுக்கு முதலிலேயே சொல்லிவையுங்கள், வளைவில் வாந்தி வருபவருக்கு அதுதான் இடம். மழைக்காலத்தில் தீஸ்தா ஆற்றோரச் சாலை சரிந்து மூடும். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவே சமவெளிக்கு இறங்கிவிட வேண்டும்.

காஷ்மீர், லடாக் போகிறவர்கள் வண்டிக்கு முன் போனைப் பாருங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. குடும்பத்தில் ஒருவரிடமாவது போஸ்ட்பெய்டு இருக்க வேண்டும், இல்லையென்றால் டிரைவரைக்கூட அழைக்க முடியாது.

வடகிழக்கில் அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் நான்குக்கும் இந்தியரானாலும் உள்நுழைவு அனுமதி வேண்டும். அஸ்ஸாமுக்கும் மேகாலயாவுக்கும் வேண்டாம். சிக்கிமுக்குள் போகவும் அனுமதி தேவையில்லை, ஆனால் நாதுலா கணவாய், குருதோங்மார் ஏரி போன்ற எல்லைப் பகுதிகளுக்குத் தனி அனுமதி. அதை உள்ளூர் ஏஜென்ட் எடுத்துத் தருவார். பாஸ்போர்ட் அளவு போட்டோவும் வாக்காளர் அட்டை நகலும் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். ஜீப்பின் கூரையில் கட்டிய பெட்டியைச் செக்போஸ்ட்டில் அவிழ்க்க டிரைவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.